நான்காவது பெயர்

குமரகுருபரன் வேலை பார்த்த ஊர்களில் அவரைப் பற்றிப் பிரியமாகப் பேசியவர்கள் குறைவு. தப்பாகப் பேசியவர்கள் அதைவிடக் குறைவு. கிராம நிர்வாக அலுவலராக இருபத்தேழு வருஷம் ஓட்டியிருந்தார். வாய்க்கால் புறம்போக்கில் சுவர் எழுப்பிய கட்சிக்காரரும் சரி, முதியோர் உதவித்தொகைக்காக வயதைக் கூட்டிச் சொன்ன அம்மாளும் சரி, அவரிடம் ஒரே பதிலைத்தான் வாங்கிக்கொண்டு போவார்கள். யார் வீட்டிலும் ஒரு வாய் காபி குடிக்க மாட்டார். கல்லிடைக்குறிச்சியிலிருந்து கொண்டுவரும் சோற்றை ஆபீஸ் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து தின்றுவிட்டு, பாத்திரத்தைத் தானே கழுவிக் கவிழ்த்துவார். அந்த ஆள் கையெழுத்து என்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம் என்று தாலுகா ஆபீசில் சொல்வார்கள். கொஞ்சம் எரிச்சலோடுதான் சொல்வார்கள்.

அவருக்கு அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தது 2009-இல் எழுதிய ஒரு வாரிசுச் சான்றிதழ் விசாரணை. சங்கிலிபூதத்தான் என்று ஒரு விவசாயி செத்துப்போனார். தாலி கட்டிய மனைவிக்கு மூன்று ஆண் பிள்ளைகள். ஊருக்கு வெளியே இன்னொருத்திக்கு ஒரு பெண் குழந்தை, ஆறு வயசு. பள்ளிக்கூடச் சேர்க்கையில் தகப்பன் பெயர் இருந்தது. செத்தவரே கையெழுத்துப் போட்டிருந்தார். மூன்று பையன்களும் இருபது பேரைக் கூட்டிக்கொண்டு வந்து, அந்தப் பேரை எழுதப்படாது என்றார்கள். அவர் மோட்டார் சைக்கிள் போகிற பாதையில் உடைமுள்ளை வெட்டிப் போட்டார்கள். குமரகுருபரன் வண்டியை நிறுத்தி, முள்ளை ஒவ்வொன்றாக ஒதுக்கிக்கொண்டே சொன்ன வார்த்தை பிறகு தாலுகா முழுக்கப் பரவிவிட்டது.

"பொறந்த பிள்ளையப் பொறக்கலைன்னு எழுத எனக்குக் கை வராது வே."

புதிதாக வேலையில் சேருகிறவர்களுக்குக்கூட இதைச் சொல்லிக் காட்டுவார்கள். அதைச் சொன்னபோது அவர் மனசில் வேறொரு குழந்தை இருந்தது யாருக்கும் தெரியாது.

அந்தக் குழந்தையை அவர் பத்தொன்பது வயசில் பார்த்தார். அப்பா குற்றாலலிங்கம் அப்போது திசையன்விளையில் பள்ளிக்கூட வாத்தியார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கல்லிடைக்குறிச்சி வீட்டுக்கு வருவார், திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் போவார். ஒரு நாள் அம்மா கோமுவுக்குத் திடீரென்று வயிற்றுவலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அப்பாவுக்குத் தகவல் சொல்ல மூத்த மகன் போனார். பள்ளிக்கூடம் விடுமுறை. வாட்ச்மேன் ஒரு தெருவைக் கைகாட்டினான். செம்மண் புழுதி கணுக்கால் வரைக்கும் ஏறுகிற தெரு. கதவு திறந்துதான் கிடந்தது. அப்பா ஓலைப்பாயில் மல்லாந்து படுத்திருந்தார். அவர் நெஞ்சின் மேல் இரண்டு வயசுப் பெண் குழந்தை ஒன்று குப்புறப் படுத்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கியது. உள்ளே ஒரு பெண் அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடச் சத்துணவுக்கூடத்தில் சமைக்கிற பாலம்மாள் என்பது பிறகு தெரிந்தது.

அப்பா மகனைப் பார்த்தார். குழந்தை முழித்துவிடாமல் மெல்லப் பாயில் இறக்கிப் போட்டுவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு கூடவே கிளம்பினார். மூன்று மணி நேரம் பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார்கள். அப்போது மட்டுமல்ல, அதற்கப்புறம் முப்பத்துமூன்று வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் அதைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அம்மாவுக்குத் தெரியும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அப்பா ஓய்வு பெற்ற பிறகும் மாசத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பென்ஷன்காரர்கள் கூட்டம் என்று சொல்லிக்கொண்டு புறப்படுவார். அம்மா மாற்று வேட்டியை மடித்துப் பையில் வைத்துக் கொடுப்பாள். திரும்பி வந்ததும் அந்த வேட்டியை மட்டும் மற்றத் துணிகளோடு சேர்க்காமல் தனி வாளியில் நனைப்பாள். அவ்வளவுதான் அவள் அதைப் பற்றிச் சொன்னது.

குற்றாலலிங்கம் 2022 பங்குனியில், எண்பத்தொரு வயசில், தூக்கத்திலேயே போனார். தெருக்கோடியிலும் பஸ் நிறுத்தத்திலும் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டினார்கள். மகன்கள் குமரகுருபரன், கார்த்திகேசன். மருமகள்கள், பேரன் பேத்திகள் எல்லார் பேரும் அதில் இருந்தது. பதினாறாம் நாள் படித்துறையில் காரியம் முடிந்து, சொந்தக்காரர்கள் சாப்பிட்டுக் கிளம்பிப் போன மத்தியானத்தில், அம்மா மூத்த மகனை அடுக்களைக்குள் கூப்பிட்டாள். வெறும் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"ஐயா, நான் இதுநாள் வரைக்கும் ஒங்கிட்ட ஒண்ணும் கேட்டதில்ல. அந்தப் பிள்ளை பேரு இந்த வீட்டுக் காயிதத்துல வரப்படாது. அவுக இருந்தவரைக்கும் நான் வாயத் தொறக்கல. செத்த பொறவாவது அவுகள எனக்குத் தனியாத் தந்துரு."

அவர் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. அவளுக்கு அது போதும் என்று தோன்றியது போல எழுந்து பாத்திரம் கழுவப் போனாள்.

வீடும் இரண்டு வயலும் அப்பா பேரில் இருந்தன. பட்டா மாற்ற வாரிசுச் சான்றிதழ் வேண்டும். கோயம்புத்தூரில் பாங்கில் இருக்கிற கார்த்திகேசன் அங்கிருந்தே ஆன்லைனில் மனுப் போட்டான். விசாரணைக்கு வந்தவர் வேதநாயகம். கல்லிடைக்குறிச்சிப் பக்கம் வி.ஏ.ஓ.; பாளையங்கோட்டைக்காரர், குமரகுருபரனைவிட ஐந்தாறு வயசு மூத்தவர், ஒன்றாகப் பயிற்சிக்குப் போன நாளிலிருந்து பழக்கம். நாற்காலியில் உட்கார்ந்து காபியை ஆற்றிக் குடித்துவிட்டு, சங்கடத்தோடு படிவத்தை எடுத்தார்.

"ஒம்ம வீட்டுல வந்து நான் விசாரிக்கணும்னு என் தலையில எழுதியிருக்கு பாரும். மனைவி, ரெண்டு மகன். வேற யாருமில்லல்லா?"

அடுக்களை நிலைக்கு அந்தப்புறம் அம்மா நின்றுகொண்டிருந்தாள். ஆள் தெரியவில்லை, பாதம் மட்டும் தெரிந்தது. அறுபது வருஷம் மெட்டி கிடந்த விரலில், கழற்றி எடுத்த இடம் வளையமாக வெளுத்திருந்தது. குமரகுருபரன் அந்த விரலையே பார்த்தார். இந்தக் கேள்வியை அவரே எத்தனையோ வீடுகளில் கேட்டிருக்கிறார். பதில் சொல்லுகிறவன் கண் எங்கே போகிறது என்று பார்த்தே உண்மையைக் கண்டுபிடித்துவிடுவார்.

"வேற யாருமில்ல அண்ணாச்சி."

வேதநாயகம் அவர் கண்ணைப் பார்க்கவே இல்லை. எழுதிக்கொண்டிருந்தார். வழக்கமாக அக்கம்பக்கத்தில் இரண்டு பேரிடம் வாக்குமூலம் வாங்க வேண்டும். நீரே சொன்னதுக்கப்புறம் தெருவில் போய் என்ன விசாரிக்க என்று சிரித்துக்கொண்டே வெற்று இடத்தை நிரப்பிக்கொண்டார். பத்து நாளில் சான்றிதழ் வந்தது. மூன்று பெயர்கள்.

ஆடி மாசம், காற்று மண்ணை வாரி இறைக்கிற ஒரு மத்தியானம், நாங்குநேரிப் பக்கத்திலுள்ள அவர் ஆபீசுக்கு ஒரு பெண் வந்தாள். முப்பத்தைந்து வயசிருக்கும். சேலைத் தலைப்பால் தலையை மூடியிருந்தவள், வாசலில் நின்று புழுதியை உதறிவிட்டு உள்ளே வந்தாள். பேசுவதற்கு முன்னால் தொண்டையை இரண்டு தடவை செருமினாள். முதலில் சின்னதாக, சற்று நிறுத்தி இன்னொன்று. வகுப்பில் பாடம் ஆரம்பிப்பதற்கு முன்பு அப்பா செருமுவது அப்படித்தான். குமரகுருபரன் தலை நிமிர்வதற்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிட்டது.

தன் பெயர் சித்ரலேகா, ஊர் திசையன்விளை என்றாள். மேஜை மேல் ஒரு காகிதத்தை வைத்தாள். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கிய வாரிசுச் சான்றிதழ் நகல். பக்கத்தில் தன்னுடைய பள்ளிச் சான்றிதழை வைத்தாள். தகப்பனார் பெயர் என்ற இடத்தில் எஸ். குற்றாலலிங்கம் என்று இருந்தது. எழுத்து அப்பாவுடையது.

"இதுல மூணு பேரு இருக்கு. என் பேரு இல்ல. விட்டுப்போச்சோன்னு கேக்க வந்தேன்" என்றாள்.

சண்டை போட வந்த முகமில்லை. விட்டுப்போயிற்று என்று அவர் சொல்வதற்கு அவளே ஒரு வழியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். அவர் காகிதத்தைப் புரட்டிப் பார்க்கவும் மேலே சொன்னாள். போஸ்டரில் தங்கள் பேர் வராது என்று அவளுக்குத் தெரியும். தானும் அம்மாவும் அப்பாவை எடுத்த அன்றைக்கு வந்து பஸ் நிறுத்தத்தில் நின்று பார்த்துவிட்டுத்தான் போனார்கள். அது வீட்டு விஷயம். இது கவர்மெண்டுக் காகிதம் அல்லவா, அதனால்தான் வந்தேன் என்றாள். வீடு வயல் எதுவும் வேண்டாம். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, கண் மூடுவதற்குள் மகள் பேர் அப்பா பேருக்குக் கீழே இருப்பதை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று கேட்கிறாள், அவ்வளவுதான் என்றாள்.

பிறகு, காகிதத்தின் ஓரத்தை நீவிக்கொண்டே சொன்னாள்:

"ஒரு உயில் எழுதி வையுங்கன்னு அம்மா கேட்டாவ. அதுக்கு அப்பா, 'எதுக்கு? குமரன் இருக்கான். அடுத்தவன் பிள்ளைக்கே முள்ள ஒதுக்கிட்டுப் போயி எழுதினவன். அவன் எழுதிருவான்'னு சொன்னாவ. நீங்க அப்படி எழுதினத அப்பா எங்கிட்ட ரெண்டு மூணு தடவை சொல்லியிருக்காவ."

அப்பா இந்தச் செய்தியை வீட்டில் பேசியதே இல்லை. பேப்பரில்கூட வந்தது, படித்துவிட்டு மடித்து வைத்தார். மகன் யாரை நினைத்துக்கொண்டு எழுதினான் என்று அந்த மனுஷருக்குத் தெரிந்திருக்கிறது. அதை நம்பிக் கண்ணை மூடியிருக்கிறார்.

அந்த இடத்தில் அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னது வேறு. சான்றிதழ் வழங்குவது தாசில்தார் என்றும், ஆட்சேபணை இருந்தால் அங்கே மனுக் கொடுக்க வேண்டும் என்றும், அதற்கு இன்னின்ன ஆவணம் இணைக்க வேண்டும் என்றும் சொன்னார். ஏழைகளை அலைக்கழிக்கிற வி.ஏ.ஓ.க்கள் பேசுகிற குரலில் தன் வாயிலிருந்தே அது வருவதைக் கேட்டார். அவள் காகிதங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். "சரிங்க சார்" என்றாள். உறவுமுறை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை.

அவள் மனுக் கொடுப்பாள் என்று எதிர்பார்த்தார். கொடுத்திருந்தால் அவருக்கு அது ஒரு தண்டனையாகவாவது இருந்திருக்கும். புரட்டாசி போயிற்று, ஐப்பசி போயிற்று, மனு வரவில்லை. அந்தச் செருமல் மட்டும் வந்தது. பஸ்ஸில் பின் இருக்கையிலிருந்து வரும். தாலுகா ஆபீஸ் கூட்ட அறையில் நூறு பேர் சளசளவென்று பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் சின்னதாக ஒன்று, சற்று நிறுத்தி இன்னொன்று. திரும்பிப் பார்த்தால் யாராவது ஒருவர் வெற்றிலை மென்றுகொண்டிருப்பார். வீட்டில் அப்பாவின் அறையை மூடியே வைத்தார். விசாரணைக்குப் போகிற வீடுகளில், "வேற யாரும் உண்டுமா?" என்று கேட்கும்போது நாக்குப் புரளவில்லை. பக்கத்தில் நிற்கிற தலையாரியைக் கேட்கச் சொன்னார்.

தை மாசம் குடியரசு தின விழாவில் நேர்மையாகப் பணியாற்றியவர்கள் என்று சிலருக்குப் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். அவர் பேரும் இருந்தது. மனைவி விஜயஸ்ரீ பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லிவிட்டு வந்து முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மைக்கில் ஒருவர் முள்ளை ஒதுக்கிய கதையைச் சொன்னார். கூட்டம் கைதட்டியது. குமரகுருபரன் மேடையேறி நின்றபோது மிகப் பக்கத்தில் அந்தச் செருமல் கேட்டது. இரண்டு தடவை. சுற்றிப் பார்த்தார். மேடையில் யாரும் செருமவில்லை. தொண்டையில் லேசான கமறல் மிச்சமிருந்தது. செருமியது தான்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. வீட்டுக்கு வரும் வழியில் விஜயஸ்ரீ, இப்போதெல்லாம் நீங்கள் மாமா மாதிரியே செருமுகிறீர்கள், ஆறு மாசமாகச் சொல்ல நினைத்தேன் என்றாள். அவர் வண்டியை ஆற்றுப் பாலத்தில் ஓரமாக நிறுத்தினார். அங்கே வைத்து எல்லாவற்றையும் அவளிடம் சொன்னார். அவள், போய் அந்தப் பிள்ளையைப் பாருங்கள் என்றாள்.

மாசி பிறந்துதான் போக முடிந்தது. திசையன்விளைத் தெரு இப்போது சிமெண்ட் போட்டிருந்தது. வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. பூட்டியிருந்தது. சுவரில் வெயிலில் வெளுத்த போஸ்டர் ஒன்று. பாலம்மாள், வயது 66. தை மாசத் தேதி. கீழே ஒரே ஒரு பேர்: மகள் சித்ரலேகா. பக்கத்து வீட்டு அம்மாள் வெளியே வந்து யாரென்று கேட்டாள். தெரிந்தவன்தான் என்றார். கடைசி ஒரு மாசம் அந்த அம்மா தபால்காரர் மணி கேட்டால் போதும், காயிதம் வந்துட்டா, காயிதம் வந்துட்டா என்று கேட்டுக்கொண்டே கிடந்தாள் என்று அந்த அம்மாள் சொன்னாள். என்ன காயிதம் என்று தங்களுக்குத் தெரியாது என்றும் சொன்னாள். மகள் கங்கைகொண்டானில் ஏதோ கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து அங்கேயே ஹாஸ்டலில் இருக்கிறாளாம்.

அவர் தேதியை எண்ணிப் பார்த்தார். மேடையில் கைதட்டு வாங்கிய அன்றைக்குப் பாலம்மாள் செத்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னார். தாசில்தாரிடம் எழுதிக் கொடுக்கப் போகிறேன், சான்றிதழை ரத்து செய்து அந்தப் பிள்ளை பேரைச் சேர்க்கச் சொல்லப் போகிறேன் என்றார். கோமு அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"அந்த அம்மா செத்துட்டாம்மா."

"தெரியும். படித்துறையில போஸ்டர் ஒட்டியிருந்தா."

பொறுக்கிய கல்லைச் சுளகிலிருந்து தரையில் போட்டாள்.

"ஒங்கப்பா என்னைய ஏமாத்துனாக. பொறுத்துக்கிட்டேன். நீ எனக்காவ ஒரு பொய் சொன்னே. என் பிள்ளை எனக்காவ ஒண்ணு செஞ்சான்னு இந்த ஒரு வருசம் நெனச்சுட்டுக் கெடந்தேன். இப்ப அதையும் எடுத்துட்டுப் போறே. நீ நல்லவனா இருக்கதுக்கு ஒவ்வொரு தடவையும் நான்தான் கெடைக்கேனா?"

அவள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை என்பதுதான் அவரை உலுக்கியது. சித்ரலேகாவுக்காக எழுதுகிறோமா, தன் உறக்கத்துக்காக எழுதுகிறோமா என்று இரண்டு நாள் யோசித்தார். பிரித்துப் பார்க்க முடியவில்லை. மூன்றாம் நாள் எழுதினார். ஒரு பக்கம்தான். விசாரணையின்போது எனக்குத் தெரிந்தே என் தந்தையின் மகள் சித்ரலேகாவின் பெயரை மறைத்தேன் என்று முதல் வரியிலேயே எழுதினார்.

தாசில்தார் வயசில் சின்னவர், நல்லவர். கதவைச் சாத்திவிட்டு, யாருமே புகார் கொடுக்காதபோது நீங்களாக ஏன் எழுதித் தருகிறீர்கள், அந்தப் பெண்ணை ஒரு மனுக் கொடுக்கச் சொல்லுங்கள், விடுபட்டது என்று சேர்த்துவிடலாம் என்றார். விடுபடவில்லை சார், விட்டேன் என்றார் இவர். காகிதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

அதன் பிறகு நடந்ததெல்லாம் விதிப்படி நடந்தது. அவருக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தது. ஊதிய உயர்வை நிறுத்தினார்கள், தொலைவில் ஒரு கிராமத்துக்கு மாற்றினார்கள். அதை எதிர்பார்த்தே இருந்தார். எதிர்பார்க்காதது, அக்கம்பக்கத்தில் விசாரிக்காமலே விசாரித்ததாக எழுதிய வேதநாயகத்துக்கும் அதே குறிப்பாணை போனது. வேதநாயகத்துக்கு ஓய்வு பெற ஐந்து மாசம் இருந்தது. கடைசி நாளில் மாலை வாங்கிவைத்துக் காத்திருந்தார்கள். விசாரணை நிலுவையில் இருப்பதால் ஓய்வு உத்தரவு வரவில்லை. குமரகுருபரன் பாளையங்கோட்டையில் அவர் வீட்டுக்குப் போனார். வேதநாயகம் வாசல் கம்பிக்கதவைத் திறக்கவில்லை. உள்ளே நின்றபடியே பேசினார். குரலில் கோபம்கூட இல்லை.

"பொய் சொன்னது நீரு. நம்புனது நானு. ரெண்டுக்கும் ஒரே தண்டனை போட்டிருக்கான் பாத்தீரா? போயிட்டு வாரும்."

முப்பது வருஷப் பழக்கம் அந்தக் கம்பிக்கதவோடு முடிந்தது. ஒன்பது மாசம் கழித்து வேதநாயகத்துக்கு ஓய்வு உத்தரவு வந்தது. வழியனுப்பு விழாவுக்கு யாரும் கூப்பிடவில்லை, இவரும் போகவில்லை. கார்த்திகேசன் போனில், உங்கள் நேர்மைக்கு ஒரு அளவில்லையா என்று கத்திவிட்டு வைத்தவன்தான், பிறகு பேசவே இல்லை. தாலுகா ஆபீசில் முள் கதையைச் சொல்வது நின்றுபோயிற்று. சொன்னாலும் வேறு மாதிரிச் சொல்லிச் சிரித்தார்கள்.

திருத்திய சான்றிதழ் 2024 ஆனி மாசம் கைக்கு வந்தது. கோமதி என்ற கோமு, குமரகுருபரன், கார்த்திகேசன், சித்ரலேகா. நான்கு பெயர்கள். அதைத் தபாலில் அனுப்ப மனசு வரவில்லை. கங்கைகொண்டானுக்குப் போய், கம்பெனி வாசலுக்கு எதிரில் டீக்கடை மரத்தடியில் நின்றார். இரண்டு மணி ஷிப்ட் விட்டு நீலச் சட்டை போட்ட பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். சித்ரலேகா அவரைக் கண்டுகொண்டாள். திகைக்கவில்லை. வந்து நின்று காகிதத்தை வாங்கி நின்றபடியே படித்தாள்.

"அம்மா பேரு இல்ல" என்றாள்.

சட்டத்தில் அதற்கு இடமில்லை, முதல் மனைவி இருக்கும்போது இரண்டாவது பேரைச் சேர்க்க முடியாது, பிள்ளைகள் பேரை மட்டும்தான் சேர்க்கலாம் என்று விளக்க ஆரம்பித்தார். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். அது தெரியும் என்றாள். மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். இதை வைத்துக்கொண்டு எதுவும் கேட்டு வரமாட்டேன் என்று உங்கள் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள் என்றாள். ஹாஸ்டல் வண்டி வந்து நின்றது. ஏறப் போனவள் திரும்பினாள்.

"அம்மா உசுரோட இருக்கும்போது இது வந்திருக்கணும். வரல. அத இனிமே யாரும் ஒண்ணும் செய்ய முடியாது. எங்க அம்மாவுக்குத் திதி குடுக்க ஆண்பிள்ளை கெடையாது. நீங்க குடுப்பீங்களா? கவர்மெண்டு காயிதத்துல எழுத முடியாது, சரி. தண்ணியில சொல்லலாம்லா?"

அவர் சரி என்று தலையசைத்தார். வண்டி போன பிறகும் வெகுநேரம் அந்த வெயிலில் நின்றார்.

ஆடி அமாவாசை அந்த வருஷம் ஞாயிற்றுக்கிழமை வந்தது. கல்லிடைக்குறிச்சிப் படித்துறையில் இடமில்லாமல் கூட்டம். தெருக்காரர்கள், அப்பாவின் பழைய மாணவர்கள், சொந்தக்காரர்கள், எல்லாரும் இடுப்பில் ஈரவேட்டியோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஐயர் ஒவ்வொருவரிடமும் பேர் கேட்டுச் சொல்லச் சொல்லி எள்ளும் தண்ணீரும் விடவைத்தார். குமரகுருபரன் அப்பா பேரைச் சொன்னார், தாத்தா பேரைச் சொன்னார். தாயார் இருக்கிறார்கள் அல்லவா, அப்படியானால் முடிந்தது என்று ஐயர் அடுத்தவர் பக்கம் திரும்பினார்.

"இன்னும் ஒரு பேரு இருக்கு. பாலம்மாள்."

"என்ன ஒறவு?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியப்பா மகன் தலையைத் திருப்பினான். மேல் படியில் தலை துவட்டிக்கொண்டிருந்தவர்கள் துவட்டுவதை நிறுத்தினார்கள். அவருக்கு அப்படித் தோன்றியதாகவும் இருக்கலாம்.

"சின்னம்மா" என்றார். ஐயருக்குக் காது கேட்கவில்லை போல, மறுபடியும் கேட்டார். இந்தத் தடவை சத்தமாகச் சொன்னார். எள் கையில் ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்றது. தண்ணீருக்குள் கையை முழுக்க அமிழ்த்தி அலசினார். அப்பாவுக்கு விட்ட எள்ளும் பாலம்மாளுக்கு விட்ட எள்ளும் ஒன்றாகவே மிதந்து, படித்துறைத் தூணைச் சுற்றிக்கொண்டு கீழே போயின. மனசு லேசாகும் என்று நினைத்திருந்தார். அப்படி ஒன்றும் ஆகவில்லை. தபால்காரர் மணிக்குக் காத்துக் கிடந்த ஒரு கிழவியின் முகம், அவர் ஒருநாளும் சரியாகப் பார்த்தறியாத முகம், தண்ணீருக்கு அடியிலிருந்து பார்க்கிறது போல இருந்தது.

எழுந்து திரும்பியபோது மேலே கல்மண்டபத்துத் தூண் பக்கத்தில் சித்ரலேகா நின்றாள். வரச்சொல்லி அவர் தகவல் சொல்லியிருந்தார். வருவாள் என்று நினைக்கவில்லை. இவர் கூட்டத்தை விலக்கிப் படியேறிப் போவதற்குள் அவள் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்துவிட்டாள். சொன்னது அவள் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

வீட்டில் கோமு சமைத்து வைத்திருந்தாள். காக்கைக்குச் சோறு வைத்தாயிற்று. மகனுக்கு இலை போட்டு, தண்ணீர் தெளித்து, ஒவ்வொன்றாக வைத்தாள். திருத்தி எழுதிக் கொடுத்த நாளிலிருந்து அவள் அவரிடம் தானாகப் பேசுவது கிடையாது. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வாள். படித்துறையில் நடந்தது அவர் வருவதற்கு முன்பே வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கும், அந்தத் தெரு அப்படி. குனிந்த தலை நிமிராமல் அவர் சாப்பிட்டார். சாம்பார் ஊற்றிய கரண்டி இலைக்கு மேலேயே கொஞ்ச நேரம் நின்றது.

"அந்தப் பிள்ளை வந்திருந்தாளாமே."

"வந்திருந்தாம்மா."

"சாப்பிட்டாளா?"

"தெரியல. நிக்கல. பஸ்ஸுக்குப் போயிட்டா."

கோமு கரண்டியைச் சட்டியில் வைத்தாள். சோற்றுப் பானையைத் தட்டால் மூடி, அதன்மேல் கையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். அன்று அவள் சாப்பிடவில்லை.